கேம்பிரிட்ஜில் நுழைந்த கடைசல் எந்திரம்

எந்திரப் பொறியியல் பயிலும் மாணவர் ஒருவரின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். காலையில் வகுப்பறை, கரும்பலகை நிறையப் பற்சக்கரக் கணக்குகள். அடுத்து வரைபடக் கூடம். 30 பாகைச் சாய்வில் கோடுகள் இழுத்து ஓர் எந்திர உறுப்பின் படத்தை வரைகிறார். பிற்பகலில் பட்டறை, கையில் அரம், எதிரே கடைசல் எந்திரம், சட்டையில் எண்ணெய்க் கறை. மாலையில் ஆய்வுக் கூடம். ஓர் எஃகுக் கம்பியை அறுந்து போகும் வரை இழுத்து அதன் வலிமையை அளக்கிறார்.

கணக்கு, படம், பட்டறை, ஆய்வு ஆகிய இந்த நான்கும் சேர்ந்தால்தான் எந்திரப் பொறியியல் என்பதை இன்று எவரும் மறுக்கமாட்டார். ஆனால் ஒரு காலத்தில் இவற்றுள் ஒன்றுகூடப் பல்கலைக் கழகத்தில் இடம் பெறத் தக்கது என்று கருதப்படவில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மனிதரின் முயற்சியால், ஒவ்வொரு காலத்தில், தயங்கித் தயங்கி உள்ளே வந்தது. இக்கதையைச் சொல்வதற்கு இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஏனெனில் எந்திரம் கற்க விரும்பியவனை அங்கே ஒரு பூட்டு அல்ல, இரண்டு பூட்டுகள் தடுத்து நிறுத்தின.

இரண்டு பூட்டுகள்

கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தின் தொடக்கம் 1209-ஆம் ஆண்டு. ஆக்ஸ்போர்டிலிருந்து வெளியேறிய அறிஞர்கள் சிலர் அங்கே வந்து தங்கியதில் அது பிறந்தது. தொடக்க முதலே அது ஒரு கிறித்தவப் பல்கலைக் கழகமாக இருந்தது. குருமார்களை உருவாக்குவது அதன் தலையாய பணிகளுள் ஒன்றாக இருந்தது. கல்லூரிகளில் வழிபாட்டுக்கு வருவது அன்று மாணவர்களின் கடமையாக இருந்தது. ‘பெல்லோ’ எனப்படும் கல்லூரி உறுப்பினர்களுள் பெரும்பாலோர் குருப்பட்டம் பெற்றவர்களாக இருந்தனர். திருமணம் செய்துகொண்டால் அந்தப் பதவி அன்று பறிபோயிற்று.

முதல் பூட்டு சமயப் பூட்டு. மன்னர் முதலாம் ஜேம்ஸ் காலத்தில், 1616-இல் வந்த ஆணையின்படி, இங்கிலாந்துத் திருச்சபையின் கொள்கைகளை ஏற்றுக் கையொப்பம் இடாதவர்கள் கேம்பிரிட்ஜில் பட்டம் பெற முடியாது. படிக்கலாம், தேர்வும் எழுதலாம், ஆனால் பட்டம் கிடைக்காது. கத்தோலிக்கருக்கும் யூதருக்கும் மட்டுமல்ல, திருச்சபைக்கு இணங்காத பிற கிறித்தவப் பிரிவினருக்கும் இதே நிலைதான்.

ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். 1837-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் இரண்டாம் இடம் பெற்றவர் ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர். பிற்காலத்தில் அணிக்கோவைக் கணிதத்தில் உலகப் புகழ் பெற்றவர். அவர் யூதர், ஆகவே பட்டம் தரப்படவில்லை. அயர்லாந்திலுள்ள டப்ளின் நகர டிரினிட்டி கல்லூரி 1841-இல் அவருக்குப் பட்டம் அளித்தது. கேம்பிரிட்ஜ் அளித்தது 1872-இல்தான். அப்போது அவருக்கு வயது 57!

இரண்டாவது பூட்டு கண்ணுக்குத் தெரியாதது. அது கைத்தொழில் மீது படித்தவர்கள் கொண்டிருந்த ஏளனம். கணிதமும் கிரேக்கமும் இலத்தீனும் அறிவை வளர்ப்பவை. அரமும் சுத்தியலும் கூலிக்காரனுக்கு உரியவை என்ற எண்ணம் அது. இத்தகைய எண்ணம் நமக்கு ஒன்றும் புதிதல்ல.

இந்த இரண்டு பூட்டுகளும் சேர்ந்து விளைவித்த வேடிக்கையைக் கவனியுங்கள். 1709-இல் கல்கரியைக் கொண்டு இரும்பை உருக்கும் முறையில் வெற்றி கண்ட ஆபிரகாம் டார்பி, குவேக்கர் பிரிவைச் சேர்ந்தவர். 1712-இல் சுரங்கத்து நீரை இறைக்கும் நீராவி எந்திரத்தை நிறுவிய தாமஸ் நியூகோமென், பாப்டிஸ்டு பிரிவின் போதகர். இங்கிலாந்தின் தொழிற் புரட்சிக்கு அடித்தளம் இட்ட இவர்கள் இருவரும் கேம்பிரிட்ஜில் பட்டம் பெறும் தகுதி இல்லாதவர்கள். எந்திரம் செய்யத் தெரிந்தவர்கள் வாயிலுக்கு வெளியே நின்றார்கள். வாயிலுக்கு உள்ளே இருந்தவர்களோ எந்திரத்தைத் தொடுவதை இழிவாக எண்ணினார்கள்.

அப்படியானால் எந்திரத்தை முதன்முதலில் உள்ளே கொண்டுவந்தவர் யார்? தொழிலாளி அல்லர், தொழிலதிபரும் அல்லர். ஒரு பாதிரியார்!

படம் வரைந்த பாதிரியார்

வில்லியம் பாரிஷ் 1778-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றவர். இத்தேர்வில் முதல் வகுப்புப் பெறுவோரை ‘ராங்ளர்’ என்பார்கள். வாதிடுபவர் என்பது அச்சொல்லின் பொருள். முற்காலத்தில் தேர்வு என்பது எழுத்துத் தேர்வு அல்ல, வாய்ச் சொற்போர். அதன் மிச்சமே இந்தப் பெயர். அச்சொற்போரில் முக்காலி ஒன்றில் அமர்ந்து ஒருவர் வாதிடுவார். அந்த முக்காலியிலிருந்துதான் கேம்பிரிட்ஜின் பட்டத் தேர்வுக்கு ‘டிரைபாஸ்’ என்ற பெயர் வந்தது என்பர்.

பாரிஷ் 1794-இல் வேதியியல் பேராசிரியர் ஆனார். ஆனால் தூய வேதியியலை இன்னொரு பேராசிரியர் ஏற்கெனவே நடத்திவந்தார். ஆகவே பாரிஷ் வேறு வழியில் சென்றார். சுரங்கம் தோண்டுதல், உலோகம் உருக்குதல், நூல் நூற்றல், நீராவி எந்திரம் என்று நாட்டின் தொழில்களையே தம் விரிவுரைகளுக்குப் பொருளாக்கினார். 1813-இல் ஜாக்சன் பேராசிரியர் என்ற பதவிக்கு மாறிய பின்னும் இதையே தொடர்ந்தார். வார நாட்களில் எந்திரம் பற்றிப் பேசிய இவர், கேம்பிரிட்ஜில் செயின்ட் கைல்ஸ் ஆலயத்தின் பங்குக் குருவாகவும் பல ஆண்டுகள் பணியாற்றினார்.

எந்திரத்தைச் சொல்லால் விளக்க முடியாது, காட்ட வேண்டும். ஆனால் ஒவ்வொரு விரிவுரைக்கும் ஒரு மாதிரி எந்திரம் என்றால் வைப்பதற்கு இடம் எங்கே? செய்வதற்குப் பணம் எங்கே? பாரிஷ் ஓர் அருமையான வழி கண்டார். பித்தளைப் பற்சக்கரங்கள், அச்சுகள், சட்டங்கள், இணைப்பான்கள் ஆகியவற்றைத் தனித்தனியே செய்து வைத்தார். இன்று அவற்றை ஒருவிதமாகப் பூட்டினால் ஒரு நூற்பு எந்திரம். நாளை பிரித்து வேறுவிதமாகப் பூட்டினால் ஓர் ஆலை. சிறுவர்கள் விளையாடும் மெக்கானோப் பெட்டி 1901-இல் காப்புரிமை பெற்றது. அதற்கு நூறாண்டுக்கு முன்பே அதே கருத்து கேம்பிரிட்ஜ் வகுப்பறையில் செயல்பட்டுவந்தது!

இதில் ஒரு தொல்லை. முந்திய விரிவுரைக்குப் பூட்டியதைப் பிரித்துவிட்டால், அடுத்த ஆண்டு அதே எந்திரத்தை உதவியாளர்கள் எப்படிப் பூட்டுவார்கள்? படம் வேண்டும். ஓவியர் வரையும் படத்தில் தொலைவிலுள்ளவை சிறுத்துத் தெரியும். அதில் அளவெடுக்க இயலாது. மேலிருந்து பார்க்கும் படம், பக்கத்திலிருந்து பார்க்கும் படம் என்று தனித்தனியே வரைந்தால் பழக்கமில்லாதவருக்குப் புரியாது. பாரிஷ் இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு முறையைக் கண்டார். ஒரு கனசதுரத்தை, அதன் மூன்று முகங்களும் ஒரே அளவு சாய்ந்து தெரியும்படி ஒரு மூலை வழியாகப் பாருங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே விகிதத்தில்தான் குறுகித் தெரியும். ஆகவே மூன்று திசைகளிலும் ஒரே அளவுகோலைக் கொண்டு அளந்துகொள்ளலாம். பொருளும் கண்ணால் பார்ப்பது போலவே தோன்றும். இந்த முறையைப் பாரிஷ் 1822-இல் வெளியிட்டார்.

‘ஐசோமெட்ரிக்’ என்று சொல்லி, 30 பாகை மூலைமட்டத்தை வைத்து நம் மாணவர்கள் வரைகிறார்களே, அந்த வரைபடம் இதுதான். நம் மாணவரின் நாளில் நான்கில் ஒரு பங்கு, ஒரு பாதிரியாரின் பித்தளைச் சக்கரங்களைப் பூட்டுவதற்காகப் பிறந்தது.

இயக்கத்தை எண்ணிய வில்லிஸ்

பாரிஷ் 1837-இல் காலமானார். அவர் பதவிக்கு வந்தவர் ராபர்ட் வில்லிஸ். இவரும் குருப்பட்டம் பெற்றவரே. இளமையிலேயே எந்திரங்களில் ஆர்வம் மிக்கவர். 1819-இல், யாழ் என்று நாம் சொல்லக்கூடிய ஹார்ப் இசைக் கருவியின் மிதிகட்டையில் ஒரு சீர்திருத்தம் செய்து காப்புரிமை பெற்றார். அக்காலத்தில் சதுரங்கம் ஆடும் ‘துருக்கியன்’ என்ற பொம்மை இலண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டு எல்லாரையும் மயக்கிக்கொண்டிருந்தது. அதன் பெட்டியின் அளவுகளைக் கணக்கிட்ட வில்லிஸ், உள்ளே ஓர் ஆள் மறைந்திருக்க இடம் உண்டு என்று 1821-இல் ஒரு சிறு நூலில் விளக்கினார். பொம்மை சிந்திக்கவில்லை, உள்ளே இருந்த மனிதன்தான் சிந்தித்தான்!

எந்திரங்களைப் பற்றி வில்லிஸ் கேட்ட கேள்வி எளிமையானது, ஆனால் ஆழமானது. ஆயிரக்கணக்கான எந்திரங்களை ஒவ்வொன்றாகப் படித்தால் அது பட்டியல், அறிவியல் ஆகாது. எல்லா எந்திரங்களுக்கும் பொதுவானது எது?

உங்கள் மிதிவண்டியையே பாருங்கள். முன்சக்கரப் பல் 48, பின்சக்கரப் பல் 16 என்று கொள்வோம். மிதிகட்டை ஒரு முறை சுற்றினால் பின்சக்கரம் மூன்று முறை சுற்றும். நீங்கள் மெதுவாக மிதித்தாலும் வேகமாக மிதித்தாலும், மேட்டில் ஏறினாலும் பள்ளத்தில் இறங்கினாலும் இந்த மூன்று மாறுவதில்லை. அது விசையைப் பொறுத்தது அன்று. உறுப்புகளின் வடிவத்தை மட்டுமே பொறுத்தது. ஓர் உறுப்பின் இயக்கத்துக்கும் மற்றதன் இயக்கத்துக்கும் உள்ள வேக விகிதம், திசைத் தொடர்பு ஆகிய இரண்டையும் கொண்டே எந்திர அமைப்புகளை வகைப்படுத்திவிடலாம் என்று வில்லிஸ் காட்டினார். 1841-இல் வெளிவந்த ‘எந்திர அமைப்பின் தத்துவங்கள்’ என்ற நூலில் இதை விரித்து எழுதினார். பட்டறையில் கண்திட்டமாக இருந்தது, கரும்பலகைக்கு வந்துவிட்டது.

பற்சக்கரங்களுக்கு அவர் செய்த தொண்டும் பெரிது. பழைய பற்சக்கரங்களில் 14½ பாகை அழுத்தக் கோணம் என்று பாடநூல்களில் படித்திருப்பீர்கள். இந்த விந்தையான எண் எங்கிருந்து வந்தது? அக்கோணத்தின் சைன் மதிப்பு ஏறக்குறைய கால் பங்கு. பட்டறைத் தொழிலாளி கணித அட்டவணையைப் புரட்டாமல், ஒன்றுக்கு நான்கு என்று அளந்தே கோட்டைப் போட்டுவிடலாம். பேராசிரியர் வில்லிஸ் தொழிலாளியின் கையை மனத்தில் வைத்துக் கணக்குப் போட்டார்!

1847 மே மாதத்தில் செஸ்டர் நகருக்கு அருகே டீ ஆற்றின் மேலிருந்த வார்ப்பிரும்பு இரயில் பாலம் முறிந்து ஐவர் உயிரிழந்தனர். பாலங்களில் இரும்பைப் பயன்படுத்துவது பற்றி ஆராய அரசு அமைத்த குழுவில் வில்லிஸ் இடம் பெற்றார். பாரமேற்றிய சிறு வண்டிகளை இரும்புச் சட்டங்களின் மேல் ஓடவிட்டுச் சோதனைகள் செய்தார். ஒரே எடை, அசையாமல் நிற்கும்போது சட்டத்தை வளைப்பதைவிட ஓடும்போது மிகுதியாக வளைத்தது. இதற்கான கணிதச் சமன்பாட்டை 1849-இல் தீர்த்தவர், கேம்பிரிட்ஜில் அவருடன் பணியாற்றிய ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். பட்டறைச் சோதனையும் தூய கணிதமும் கைகோத்தால் மனித உயிரைக் காக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆயினும் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பாரிஷ், வில்லிஸ் இருவருடைய விரிவுரைகளும் கேட்பதற்கு மட்டுமே. அவற்றால் பட்டம் இல்லை. எந்திரவியலில் பட்டத் தேர்வே இல்லை. மாணவர்கள் பார்த்தார்கள், வியந்தார்கள், சென்றார்கள். அவர்கள் கை எந்திரத்தைத் தொடவில்லை.

முதல் பூட்டு திறந்தது

இதற்கிடையில் வெளியே காலம் மாறிக்கொண்டிருந்தது. சமயச் சோதனை இல்லாத கல்லூரி ஒன்று இலண்டனில் 1828-இல் வகுப்புகளைத் தொடங்கியது. அதற்குப் போட்டியாகத் திருச்சபையினர் அங்கேயே கிங்ஸ் கல்லூரியை நிறுவினர்; அதில் 1838-இல் பொறியியல் வகுப்பு தொடங்கிற்று. திருச்சபையின் இன்னொரு பல்கலைக் கழகமாகிய டர்ஹாமும் அதே ஆண்டு பொறியியல் பாடத்தைத் தொடங்கியது. ஆனால் அது நெடுநாள் நிலைக்கவில்லை. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பல்கலைக் கழகம் 1840-இல் பொறியியல் பேராசிரியர் பதவியை ஏற்படுத்தியது.

கேம்பிரிட்ஜ் மெல்லவே அசைந்தது. 1856-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இளநிலைப் பட்டத்துக்குச் சமயச் சோதனை நீங்கியது. ஆனால் ‘பெல்லோ’ ஆவதற்கு அது நீடித்தது. 1860-இல் முதல் ராங்ளராக வந்த ஸ்டர்லிங், 1861-இல் முதல் ராங்ளராக வந்த ஆல்டிஸ் இருவரும் திருச்சபைக்கு இணங்காத பிரிவினர். நாட்டின் மிகக் கடினமான கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றும், கல்லூரியில் அவர்களுக்குப் பதவி இல்லை. கேட்டவர் வெட்கப்படும் நிலை அது. கடைசியில் 1871-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், இறையியல் துறை போன்ற சில விலக்குகளைத் தவிர, சமயச் சோதனையை முழுவதும் நீக்கியது.

அதே 1871-இல் முதல் ராங்ளராக வந்தவர் ஜான் ஹாப்கின்சன். மான்செஸ்டரைச் சேர்ந்த எந்திரத் தொழில் வல்லுநர் ஒருவரின் மகன். திருச்சபைக்கு இணங்காத குடும்பம். நூறாண்டுக்கு முன் வாயிலுக்கு வெளியே நின்றிருக்க வேண்டியவர் இப்போது டிரினிட்டி கல்லூரியின் ‘பெல்லோ’ ஆனார். பிற்காலத்தில் மின்பொறியியலில் பெரும்புகழ் பெற்ற இவரை மீண்டும் சந்திப்போம்.

முதல் பூட்டு திறந்துவிட்டது. இரண்டாவது?

மரக்கொட்டகையில் ஒரு பட்டறை

வில்லிஸ் 1875-இல் காலமானார். ஜாக்சன் பதவி வேதியியலாளரான ஜேம்ஸ் டூவாருக்குப் போயிற்று. எந்திரவியலுக்கென்று அதே ஆண்டில் புதிய பேராசிரியர் பதவி ஒன்று உண்டாயிற்று. அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்ற 32 வயது ஸ்காட்லாந்துக்காரர்.

ஸ்டூவர்ட் பல்கலைக் கழகச் சுவருக்குள் அடங்காத மனிதர். 1867 முதலே வட இங்கிலாந்து நகரங்களுக்குச் சென்று, உயர் கல்வி மறுக்கப்பட்டிருந்த பெண்களுக்கு விரிவுரை நிகழ்த்தினார். கிரூ நகர இரயில்வே தொழிலாளர்களுக்கும் ராச்டேல் கூட்டுறவாளர்களுக்கும் வானியல் கற்பித்தார். பல்கலைக் கழகம் ஊர் ஊராகச் சென்று கற்பிக்கும் திட்டத்தைக் கேம்பிரிட்ஜ் 1873-இல் ஏற்றுக்கொண்டது அவர் முயற்சியால்தான். பகலெல்லாம் இரும்போடு போராடிய தொழிலாளிகள் மாலையில் கூர்மையான கேள்விகள் கேட்பதை அவர் நேரில் கண்டவர். ஆகவே கையால் உழைப்பவனுக்கு அறிவு குறைவு என்ற எண்ணம் அவரிடம் துளியும் இல்லை.

எந்திரவியலைக் கரும்பலகையில் மட்டும் கற்க முடியாது என்றார் ஸ்டூவர்ட். 1878-இல் ஒரு மரக்கொட்டகையில் பட்டறை அமைத்தார். கடைசல் எந்திரங்கள் வந்தன. பின்னர் வார்ப்புச் சாலையும் சேர்ந்தது. பல்கலைக் கழகம் தந்த பணம் போதாததால் தம் சொந்தப் பணத்தைப் போட்டார். மற்ற துறைகளுக்கு வேண்டிய அறிவியல் கருவிகளைச் செய்து விற்று, பட்டறைச் செலவை ஈடுகட்டினார். கனவான்களின் பிள்ளைகள் மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டு அரம் பிடித்தார்கள். மரத்தில் அச்சு செதுக்கினார்கள். உருகிய உலோகத்தை ஊற்றினார்கள்.

எதிர்ப்பு எழுந்தது. இது பல்கலைக் கழகமா, கொல்லன் உலையா என்ற தோரணையில் பேசினார்கள். பல்கலைக் கழகத்தின் பெயரில் வாணிகம் நடப்பதாகக் குறை கூறினார்கள். கணக்கு வழக்குகளைத் துருவினார்கள். எந்திரவியலில் தனிப் பட்டத் தேர்வு வேண்டும் என்று 1880-களில் கொண்டுவரப்பட்ட திட்டம் தள்ளப்பட்டது. ஸ்டூவர்ட் 1884-இல் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆகியிருந்தார். அவருடைய முற்போக்கு அரசியல் பலருக்குப் பிடிக்கவில்லை. மனம் சலித்த அவர், அந்தப் பத்தாண்டின் முடிவில் பதவியை விட்டு விலகினார்.

எண்ணிப் பாருங்கள். சமயப் பூட்டைத் திறக்க நாடாளுமன்றத்தின் சட்டம் ஒன்று போதுமாயிற்று. கைத்தொழில் மீதான ஏளனத்தை நீக்க எந்தச் சட்டத்தால் முடியும்?

இந்த ஏளனத்தின் விலை என்ன என்பதற்கு ஒரு சான்று. நீராவிச் சுழலியைக் கண்ட சார்லஸ் பார்சன்ஸ் 1877-இல் கேம்பிரிட்ஜில் கணிதப் பட்டம் பெற்றவர், பதினோராம் ராங்ளர். எந்திரவியலில் பட்டம் பெறும் வழி அங்கே இல்லை. ஆகவே பட்டம் பெற்ற பிறகு நியூகாசில் நகருக்குச் சென்று, ஆம்ஸ்ட்ராங் தொழிற்சாலையில் பயிற்சியாளராகச் சேர்ந்து, தொழிலை முதலிலிருந்து கற்றார். வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளையாகையால் அவரால் இரண்டு படிப்பையும் அடுத்தடுத்துப் படிக்க முடிந்தது. வசதியில்லாதவன் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அளவுகருவியோடு வந்தவர்

1890-இல் ஸ்டூவர்ட்டின் இடத்துக்கு வந்தவர் ஆல்பிரட் யூயிங். அவரும் ஸ்காட்லாந்துக்காரர். 1878 முதல் ஐந்தாண்டுகள் ஜப்பானில் தோக்கியோ பல்கலைக் கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அங்கே நில நடுக்கத்தைப் பதிவு செய்யும் கருவியை உருவாக்கினார். இரும்பைக் காந்தமாக்கும்போது காந்தத் தன்மை, அதை உண்டாக்கும் விசைக்குப் பின்தங்கியே செல்வதை ஆராய்ந்து, அதற்கு ‘ஹிஸ்டெரிசிஸ்’ என்று பெயரிட்டவரும் அவரே.

யூயிங் சூழ்நிலையை நன்கு உணர்ந்தார். பட்டறை என்றால் சுளிக்கும் முகங்கள், ஆய்வுக் கூடம் என்றால் சுளிக்கமாட்டா. அதே நகரில் கேவண்டிஷ் இயற்பியல் ஆய்வுக் கூடம் ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தது. ஆகவே அவர், பொருள்கள் செய்வதைவிடப் பொருள்களின் வலிமை, நீராவி எந்திரத்தின் திறன், மின்னாக்கியின் இழப்பு ஆகியவற்றை அளப்பதையே படிப்பின் மையமாக்கினார். கட்டடத்துக்கான பணத்தைப் பொதுமக்களிடம் திரட்டினார். 1892-இல் எந்திர அறிவியல் டிரைபாஸ் ஏற்கப்பட்டது. முதல் தேர்வு 1894-இல் நடந்தது. அதே ஆண்டு, பழைய பள்ளிக்கூடம் ஒன்று இருந்த இடத்தில் எழுந்த புதிய ஆய்வுக் கூடத்தைக் கெல்வின் பிரபு திறந்து வைத்தார்.

பலன் விரைவில் தெரிந்தது. பார்சன்ஸ் தம் சுழலியைச் சீர்திருத்தி வந்தபோது, அது எவ்வளவு நீராவியை உண்கிறது என்று நடுநிலையாக அளந்து சொல்ல ஒருவர் தேவைப்பட்டார். 1890-களின் தொடக்கத்தில் அந்தச் சோதனையை நடத்தி, சிறந்த நீராவி எந்திரங்களுக்கு அது ஈடானது என்று அறிக்கை தந்தவர் யூயிங். தனக்குப் பொறியியல் பட்டம் தர இயலாத பல்கலைக் கழகம், தன் எந்திரத்துக்கு நற்சான்று தந்ததைப் பார்சன்ஸ் கண்டார்.

ஜான் ஹாப்கின்சனை மீண்டும் சந்திப்போம் என்றேன் அல்லவா? 1898-இல் ஆல்ப்ஸ் மலையில் ஏறும்போது அவரும் அவர் பிள்ளைகள் மூவரும் விழுந்து இறந்தார்கள். அவர்கள் நினைவாகக் குடும்பத்தினர் 5,000 பவுன் கொடுத்தனர். அதைக் கொண்டு ஆய்வுக் கூடம் விரிவாக்கப்பட்டது. 1903-இல் யூயிங் விலகியபோது பேராசிரியராக வந்தவர் ஹாப்கின்சனின் மற்றொரு மகனான பெர்ட்ரம். ஒரு காலத்தில் திருச்சபைக்கு இணங்காதவர் என்று ஒதுக்கப்பட்ட கூட்டத்திலிருந்து வந்த குடும்பம், கிறித்தவப் பல்கலைக் கழகத்தின் எந்திரக் கூடத்தையே தாங்கி நின்றது.

கையும் கணக்கும்

அப்படியானால் ஸ்டூவர்ட் தோற்றுவிட்டாரா? பட்டத் தேர்வு வந்தது. ஆனால் அவர் விரும்பிய வடிவில் வரவில்லை. அளப்பவன் உள்ளே வந்தான். செய்பவன் இன்னும் வாயிற்படியில்தான் நின்றான்.

இதற்கு விடையை 1934-இல் கேம்பிரிட்ஜுக்கு வந்த ஒரு மாணவரின் வாழ்வில் காணலாம். அவர் பெயர் பிராங்க் விட்டில். பதினாறு வயதில், 1923-இல், பிரிட்டிஷ் விமானப் படையில் தொழில் பயிலும் சிறுவனாகச் சேர்ந்தவர். அரம் பிடித்து, உலோகத் தகடு வெட்டிப் பழகிய கை அவருடையது. திறமையால் உயர்ந்து விமானி ஆனார். 1930-இலேயே ஜெட் எஞ்சினுக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்திருந்தார். எவரும் பொருட்படுத்தவில்லை. விமானப் படை அவரைப் பீட்டர்ஹவுஸ் கல்லூரிக்கு அனுப்பி, எந்திர அறிவியல் பயில வைத்தது. 1935-இல் காப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டிய 5 பவுன் கட்டப்படாமல் அது காலாவதியாயிற்று. மனைவி மக்களோடு படித்துக்கொண்டிருந்த விட்டிலுக்கு அது சிறு தொகையன்று. எனினும் 1936-இல் முதல் வகுப்பில் தேறினார். 1937 ஏப்ரல் 12 அன்று அவருடைய ஜெட் எஞ்சின் முதன்முறையாக ஓடியது. 1941 மே 15 அன்று அந்த எஞ்சின் பொருத்திய விமானம் வானில் எழுந்தது.

பட்டறையில் வளர்ந்த கையும் பல்கலைக் கழகத்தில் பழகிய கணக்கும் ஒரே மனிதரிடம் சேர்ந்தபோது என்ன நிகழும் என்பதை விட்டில் காட்டினார். ஸ்டூவர்ட் மரக்கொட்டகையில் கனவு கண்டது இதைத்தான்.

கேம்பிரிட்ஜின் கதவுகள் அத்துடன் முழுதும் திறந்துவிட்டன என்று எண்ண வேண்டாம். ஸ்டூவர்ட் 1867-இல் யாருக்காக ஊர் ஊராகச் சென்றாரோ, அந்தப் பெண்களுக்குக் கேம்பிரிட்ஜ் முழு உரிமையுள்ள பட்டம் அளித்தது 1948-இல்தான். மூன்றாவது பூட்டு ஒன்றும் இருந்திருக்கிறது. அதைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம்.

அன்பார்ந்த மாணவர்களே! வகுப்பறை உயர்வு, பட்டறை தாழ்வு என்று உங்களிடம் யாராவது சொன்னால், இந்தக் கதையைச் சொல்லுங்கள். பட்டறை நாளன்று வகுப்புக்கு வராமல் நழுவ நினைக்கும் நண்பனுக்கும் சொல்லுங்கள். நீங்கள் வரையும் 30 பாகைக் கோடு ஒரு பாதிரியாருடையது. நீங்கள் போடும் வேக விகிதக் கணக்கு இன்னொரு பாதிரியாருடையது. கம்பியை இழுத்து அளக்கும் பழக்கத்துக்குக் கேம்பிரிட்ஜில் இடம் தேடித் தந்தவர், ஜப்பானில் நில நடுக்கத்தை அளந்துவிட்டு வந்தவர். உங்கள் கையிலுள்ள அரத்தை அங்கே கொண்டுவந்தவரோ, மனம் சலித்துப் பதவியை விட்டு விலகினார். அதைக் கீழே வைக்குமுன் ஒரு கணம் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.